அப்பா வாளிக்குள்ள இருக்காரு

அன்புள்ள தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், மாப்பிள்ளை நலம், உன் பெண்கள் இருவரும் நலம். வாசல் கதவு மட்டும் நலமில்லை. அங்கே நீயும், நீ ஓட்டப் பழகுகிற கிரேனும், அந்தக் கிரேனுக்குக் கீழே நடமாடுகிற ஜனங்களும் ஒருவருக்கொருவர் இடைஞ்சல் இல்லாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தைப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன். முதலில் இதைப் படி. கீழே பழைய துண்டில் சுற்றியிருப்பதை அப்புறம் பிரி. படிக்காமல் பிரித்தால் பயந்துபோவாய். உன் பக்கத்துக் கட்டில்காரி பார்த்தால் விடுதி வார்டனைக் கூப்பிட்டுவிடுவாள்.

இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் பாதியில் நீ அழுவாய், மீதியில் நான் கத்துவேன், விஷயம் போய்ச் சேராது. தவிர, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்ததை மாப்பிள்ளை உனக்குப் போனில் விளக்கிய அழகை நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு கைவேலை" என்றார். கதவு பிளந்து, போன் செத்து, கூடத்தில் ஒரு மனிதர் கோடாலியோடு நிற்கிறார்; இதற்கு அவர் வைத்த பெயர் "சும்மா ஒரு கைவேலை". நாளைக்கு வீடு இடிந்து விழுந்தாலும் "காத்தோட்டமா இருக்கும்மா" என்பார். அந்த விளக்கத்தைக் கேட்டுவிட்டுத்தான், பயிற்சியை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று நீ சொன்னதாகக் கேள்வி. அதனால்தான் பேனாவை எடுத்தேன். முழுவதும் படி. படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்.

அடுத்த வாரம் உன் பிறந்தநாள். உன் மூத்தவள், பத்து வயதில் இந்த வீட்டை நிர்வாகம் செய்துகொண்டிருக்கிற நம் மேனேஜர் அம்மா, அம்மாவுக்குக் கையால் செய்த பரிசுதான் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டாள். நல்ல குடை ஒன்று வாங்கி அனுப்பலாம், துறைமுகத்தில் மழை பெய்யும், உபயோகமாக இருக்கும் என்று நான் சொன்னேன். "மாமா, கடையில வாங்குனா அதுல அன்பு இருக்காது" என்றாள். யார் சொன்னது என்றேன். கிளாஸ் டீச்சர் சொன்னாராம். அந்த டீச்சர் போட்டிருக்கிற செருப்பை அவர் வீட்டுப் பிள்ளைகளா உட்கார்ந்து தைத்தார்கள்? கேட்கத்தான் வாய் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அதையும் போய் அங்கே சொல்லிவிடுவாள்.

கையால் செய்த பரிசு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? பேனா வைத்தால் கவிழ்கிற பேனா ஸ்டாண்டு. நேராக நிற்காத போட்டோ சட்டம். "உலகின் சிறந்த அம்மா" என்று பெரிய எழுத்தில் ஆரம்பித்து, இடம் போதாமல் "மா" மட்டும் அட்டைக்குப் பின்பக்கம் போன வாழ்த்து. இதை வாங்குகிற தாய் உடனே கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும், அலமாரியில் வைக்க வேண்டும், வாரா வாரம் தூசி தட்ட வேண்டும், வீடு மாறினால் மடியில் வைத்துக்கொண்டு லாரியில் போக வேண்டும். இதற்குப் பெயர் பரிசா, தண்டனையா? அன்பைக் காட்டுகிறோம் என்று பெற்றவர்கள் தலையில் குப்பையைக் கட்டுகிற ஏற்பாடு. நினைவுப் பொருளைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பல் செட் செய்கிறவன் நான். அச்சு எடுப்பதும் பிளாஸ்டர் ஊற்றுவதும்தான் என் பிழைப்பு. என் பட்டறை அலமாரியில் இந்த ஊரில் பாதிப் பேருடைய வாய் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. ஒருத்தராவது வந்து, எங்கப்பா வாய் ஞாபகமா வேணும், எடுத்துக்கொடுங்க என்று கேட்டதுண்டா? பல்லை மாட்டிக்கொண்டார்கள், போனார்கள். மனிதர்கள் புத்திசாலிகள். பிள்ளை பெற்றுக்கொள்கிற வரைக்கும்.

முதலில் களத்தில் இறங்கியவர் மாப்பிள்ளை. ஐஸ் குச்சியில் போட்டோ சட்டம். குச்சி கடையில் கட்டுக்கட்டாக விற்கிறது. ஆனால் "நாமளே சாப்பிட்டுச் சேத்தாத்தான் மச்சான் அதுல ஒரு இது இருக்கும்" என்றார். எது இருக்கும் என்றால், "ஒரு இது" என்பார். இன்சூரன்ஸ் ஆபீசில் ஜனங்கள் இவரிடம் எப்படித்தான் பாலிசி எடுக்கிறார்களோ. அந்த வாரம் பூராவும் குடும்பமே உட்கார்ந்து ஐஸ் சாப்பிட்டது. சட்டம் வரவில்லை, தொண்டை கட்டியது. நீ போன் செய்தபோது எல்லோரும் தவளை மாதிரிப் பேசினார்களே, "சீசன் மாறுதும்மா" என்று சொன்னார்களே, சீசன் எங்கேயும் மாறவில்லை. ஐஸ் குச்சி.

அடுத்தது மைதா மாவு. உப்பைக் கொட்டிக் கெட்டியாகப் பிசைந்து, அதில் பிள்ளையின் கையைப் பதித்துக் காயவைத்தால் கல் மாதிரி ஆகிவிடுமாம். வீடியோவில் ஒரு பெண்மணி, நகப்பூச்சு கலையாமல், வெள்ளை மேஜையில் ஒரு துளி மாவு சிந்தாமல் செய்து காட்டுகிறாள். அவளுக்குப் பிள்ளைகள் கிடையாது என்பது பார்த்த உடனே தெரிகிறது. மாப்பிள்ளையும் அப்படியே செய்தார். உப்புக்குப் பதிலாகச் சர்க்கரையைப் போட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். "ரெண்டும் வெள்ளையாத்தானே மச்சான் இருக்கு" என்கிறார். பால்கனியில் ஒரு தட்டில் காயவைத்தார். மறுநாள் காலையில் "அப்பா, என் கை போகுது! என் கை போகுது!" என்று மேனேஜர் அலறினாள். போய்ப் பார்த்தால் அவளுடைய சுண்டுவிரல் நிஜமாகவே தட்டை விட்டு இறங்கிச் சுவர் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. எறும்பு. ஊர் எறும்பெல்லாம் சேர்ந்து தூக்கிக்கொண்டு போகிறது. அதுவும் கையால் செய்த பரிசுதான்; எறும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதிலெல்லாம் சின்னவள் சேரவே இல்லை. அவளைத்தான் உனக்குத் தெரியுமே, கோந்து என்று பேர் வைத்ததே நான்தானே. நீ குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே ஒட்டிக்கொண்டு நின்ற பிள்ளை. நீ போனதில் இருந்து யாரிடமும் ஒட்டுவதில்லை. ஐஸ் மட்டும் சாப்பிட்டாள். மாவில் கையைப் பதி என்றால் இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டாள். உன் போன் வந்தால் கட்டிலுக்கு அடியில். உன்னிடம் பேசச் சொல்லி எல்லோரும் கெஞ்சிப் பார்த்தாயிற்று. மாப்பிள்ளை போனை எடுத்துக்கொண்டு குனிந்து குனிந்து அவருக்கு இடுப்பு பிடித்ததுதான் மிச்சம். "கோவமா இருக்கா போல" என்று நீ சொல்லிச் சொல்லி அழுவாய். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இருக்கட்டும், அதற்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது கூடத்தில் மூன்றாவது திட்டம் நடந்துகொண்டிருந்தது. கடையில் இருந்து ஒரு டப்பா. மேலே படம்: பெரிய கை, அதற்குள் நடுத்தரக் கை, அதற்குள் குட்டிக் கை, மூன்றும் கோத்து வெள்ளை வெளேரென்று சிலை மாதிரி. உள்ளே ஒரு பொட்டலம் பவுடர், ஒரு பொட்டலம் பிளாஸ்டர். அந்தப் பவுடரைக் கிள்ளி முகர்ந்து பார்த்தேன். பல் டாக்டர் அச்சு எடுக்க வாயில் ரோஸ் கலர் பசையைத் திணிப்பாரே, அதே சரக்கு. ஆனால் தெருவில் போகிற நாய்க்குப் பல் கட்டக்கூட ஆகாத மட்ட ரகம். அங்கேதான் தங்கச்சி நான் தப்புப் பண்ணினேன். பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். "தள்ளுங்க மாப்பிள்ளை, இது உங்க வேலை இல்லை" என்று சொல்லிவிட்டு, பட்டறைக்குப் போய் என்னுடைய பவுடர் டின், பிளாஸ்டர் மூட்டை, கிண்ணம், கரண்டி எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தேன். ஊர் வாயை அளந்தவனுக்கு மூன்று கை பெரிதா என்கிற திமிர்.

குளியலறைச் சிவப்பு வாளியைக் கொண்டுவரச் சொன்னேன். பவுடர் சட்டென்று இறுகாமல் இருக்க ஃபிரிட்ஜ் தண்ணீர் ஊற்றினேன். முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்குகிறேன், பக்கத்தில் மாப்பிள்ளை போனைக் கையில் வைத்துக்கொண்டு, "மச்சான், வீடியோல வேற பக்கம் சுத்துறாங்க" என்கிறார். "அந்த வீடியோக்காரன் எத்தனை பல் செட் செஞ்சிருக்கான்?" என்றேன். "அது போடலை மச்சான்" என்கிறார். போனை மேஜையில் வைக்கச் சொன்னேன். வைத்தார். எல்லாக் கேடும் அந்த மேஜையில் இருந்துதான் வந்தது.

ஏற்பாடு என்னவென்றால், அடியில் மாப்பிள்ளை கை, அதைப் பிடித்து மேனேஜர் கை, அதன் மேல் கோந்து கை. கோந்துதான் மேஜைக்கு அடியில் இருக்கிறாளே. "வாம்மா", "வாடி செல்லம்", "வந்தா சாக்லேட்", "வரலைன்னா பாத்துக்கோ", எல்லாம் ஆயிற்று. அசையவில்லை. பவுடருக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது, அது பாட்டுக்கு இறுகிக்கொண்டு வருகிறது. சரி, ரெண்டு கை போதும், விடுங்க என்று சொல்லி அப்பனையும் மகளையும் வாளிக்குள் கையை விட வைத்து, அவர்கள் அசையாமல் இருக்க இரண்டு பேர் முழங்கையையும் நான் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்கு உடனே சிரிப்பு வந்துவிட்டது. விரல் இடுக்கில் கூசுகிறதாம். "சிரிச்சு அசைஞ்சீங்கன்னா கொன்னுடுவேன்" என்றேன். சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. தொழில் செய்கிறவன் அப்படித்தான் பேசுவான். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறவர்களிடம்கூட நான் இதைச் சொன்னதுண்டு.

அப்போ பாத்து நீ போன் பண்ற.

எப்பவும் ராத்திரி சாப்பிட்ட பிறகு பண்றவ, அன்னிக்குன்னு பாத்துப் பட்டப்பகல்ல பண்ற. மேஜை மேல போன் அதிருது. மாப்பிள்ளை "எடுக்கலாமா மச்சான்" என்கிறார். எதை வச்சு எடுப்பார்? கை உள்ளே. மேனேஜர் கையும் உள்ளே. என் ரெண்டு கையும் பசை. அந்த வீட்டிலேயே சும்மா இருந்த கை யாருடையது என்று நீயே சொல்லு. மேஜைக்கு அடியில இருந்து மெதுவா ஒரு கை மேலே வந்தது. போனை எடுத்துக் கீழே கொண்டு போச்சு. "அம்மா" என்று ஒரு குரல் கேட்டது. நீ போன பிறகு அவள் உன்னிடம் பேசுகிற முதல் வார்த்தை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, அதை விடு.

நீ என்ன கேட்டாய் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் சொன்னது மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டது.

"அப்பா வாளிக்குள்ள இருக்காரு."

"அக்காவும் உள்ளதான் இருக்கா."

"ம்ஹூம். வர முடியாது. மாமா அமுக்கிப் பிடிச்சிருக்காரு."

"அசைஞ்சா கொன்னுடுவாராம்."

"இல்ல, அழலை. அப்பா சிரிக்கிறாரு. சிரிக்கவும் கூடாதுன்னு மாமா சொன்னாரு."

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது, கவனித்தாயா? ஐந்து வயதில் இப்படிச் சாட்சி சொல்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. "என்னடி சொல்ற!" என்று நீ கத்தினது வாளி வரைக்கும் கேட்டது. கோந்து மேஜைக்கு அடியில் இருந்து எழுந்து வந்தாள். போனை ஒரு தரம் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். "நீயும் உள்ள வா" என்று சொல்லிவிட்டு, போனைக் கையோடு சேர்த்துப் பசைக்குள் விட்டாள். நீ களுக் என்று முழுகிப் போனாய்.

மாப்பிள்ளை "மச்சான், என் போன்! என் போன்!" என்று துள்ளுகிறார். அந்த நேரத்துல நான் என்ன கத்துனேன் தெரியுமா? "எடுக்காத! எடுத்தா அச்சு கெட்டுடும்!" பழக்கதோஷம். போனைக் காப்பாத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கலை. கோந்தும் சொன்ன சொல் மீறாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா முதுகில் சாய்ந்துகொண்டு, ஒரு துளி அசையவில்லை. என் சட்டைப் பையில் என் போன் விடாமல் அதிர்கிறது. நீதான் என்று தெரிகிறது. எந்தக் கையால் எடுப்பேன்? "இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் கதவு உடைந்தது.

நீ எதிர்வீட்டு ஃபயர் தாத்தாவைக் கூப்பிட்டுவிட்டாய். தீயணைப்பு நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்று, இத்தனை வருஷமாக யாராவது கூப்பிட மாட்டார்களா என்று கோடாலியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர். அவரிடம் போய், "எங்கண்ணன் எங்க வீட்டுக்காரரை வாளியில அமுக்கிக் கொல்றான்" என்று சொல்லியிருக்கிறாய். தங்கச்சி, இந்த ஒன்றைக் கேட்காமல் என்னால் கடிதத்தை முடிக்க முடியாது. அதை நம்ப உனக்கு எவ்வளவு நேரம் ஆனது? அவர் வந்து சேர்ந்த வேகத்தைப் பார்த்தால் நீ யோசிக்கவே இல்லை போலிருக்கிறது. மாப்பிள்ளையைக் கொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்திருந்தால் ஐஸ் குச்சி வாரத்திலேயே முடித்திருப்பேன். வாளி எதற்கு?

இதில் பெரிய கொடுமை, கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. கைப்பிடியைத் திருகினால் திறக்கும். மனிதர் திருகிப் பார்த்தாரா? வெட்டினார். ஒரே வெட்டில் நடுவாகப் பிளந்து, ஓட்டை வழியாகக் கையை விட்டு, உள்பக்கக் கைப்பிடியைத் திருகித் திறந்துகொண்டு வந்தார். வந்து பார்த்தால் மூன்று பேர் வாளிக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிறார்கள். நான் முகமெல்லாம் பவுடரோடு பேய் மாதிரி அமுக்கிக்கொண்டு இருக்கிறேன். "எல்லாரும் விலகுங்க!" என்று கூவிக்கொண்டு மாப்பிள்ளையை இடுப்போடு கட்டி இழுத்தார். பச்சக் என்று ஒரு சத்தம். அவர், மாப்பிள்ளை, மேனேஜர், நான் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர். கோந்து மட்டும் நின்றபடி நிற்கிறாள், வாளியில் கையை விட்டபடி. "மாமா, எடுக்கலாமா?" என்கிறாள். அந்தக் கூட்டத்தில் சொன்னதைக் கேட்டு வேலை செய்தது அது ஒன்றுதான். எடு என்றேன். விரல் விரலாக, நோகாமல் எடுத்தாள். ஃபயர் தாத்தா போனில் இருந்துதான் மாப்பிள்ளை உனக்கு அந்தப் புகழ்பெற்ற விளக்கத்தைக் கொடுத்தார். பெரியவர் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "உயிர்ச்சேதம் இல்லை" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுப் போனார். கதவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாப்பிள்ளையின் போனை இடுக்கி வைத்துப் பிடுங்கி எடுத்தேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அச்சில் பிளாஸ்டரை ஊற்றினேன். எதற்கு ஊற்றினேன் என்று கேட்காதே, மூட்டையைப் பிரித்தாயிற்று, வீணாகப் போகும். இறுகின பிறகு ரோஸ் பசையை உரித்து எடுத்தோம். இப்போது துண்டைப் பிரித்துப் பார்.

பார்த்தாயா? இதுதான் உன் பிறந்தநாள் பரிசு. இஞ்சிக் கிழங்கு மாதிரி இருக்கிறதே, அது உன் வீட்டுக்காரர் கை. பெரியவர் இழுத்த இழுப்பில் அச்சு கிழிந்து கட்டைவிரல் போய்விட்டது. என் மானம் போகக்கூடாது என்று பட்டறையில் உட்கார்ந்து நானே ஒரு கட்டைவிரல் செதுக்கி ஒட்டினேன். மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, அப்பா கையில எதுக்குக் கடைவாய்ப்பல் வச்சிருக்கீங்க?" என்றாள். அப்படித்தான் இருக்கிறது. எனக்கு வேறு என்ன செதுக்கத் தெரியும்? இஞ்சிக்குள் கோத்திருப்பது மேனேஜர் கை. அவளுக்கு ஆறு விரல் இருக்கிறது, ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அவை இரண்டுக்கும் நடுவில் செங்கல் மாதிரி நிற்பது போன். அதாவது நீ. உன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிற குட்டிக் கை கோந்துடையது. அது ஒன்றுதான் ஒழுங்காக விழுந்திருக்கிறது. ரேகை வரைக்கும். நகத்தைக் கடித்து வைத்திருக்கிறாள், அதுவும் தெரியும். அதைப் பார்த்து உடனே மூக்கைச் சிந்தாதே. நீ இருக்கும்போதும் கடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் எல்லோரும் கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது நான் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். என் வயதுக்கு அங்கே போவது சுலபம், வருவதுதான் கஷ்டம். "ஏண்டி, இத்தனை நாளா அம்மாகிட்ட பேச மாட்டேன்னு இருந்தியே, இன்னிக்கு ஏன் எடுத்தே?" என்றேன்.

"எல்லாரும் உள்ள இருந்தீங்க. அம்மா மட்டும் வெளியில இருந்தா."

"அப்ப மத்த நாளு ஏன் பேசல? அம்மா மேல கோவமா?"

என்னை ஒரு முட்டாளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். "போன்ல பேசிட்டா, அம்மா வந்துட்ட கணக்குல சேத்துடுவீங்க. அப்புறம் நெஜமா வர மாட்டா."

புரிகிறதா? கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ வருவாய் என்று கணக்கை மூடாமல் வைத்திருக்கிறாள். இன்சூரன்ஸ் ஆபீஸில் இருக்கிற அப்பனுக்கு இந்தக் கணக்கு வராது. நான் அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன், போனில் பேசுவது வந்த கணக்கில் சேராது, தனிக் கணக்கு என்று. "எழுதிக் குடு" என்றாள். கொடுத்தேன். அதை மேனேஜரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டாள். அதனால்தான் நேற்று உன்னிடம் பேசினாள். "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள் என்று நீ குறைப்பட்டாயாம். பேராசைக்கும் ஒரு அளவு வேண்டும்.

ஆகவே வேலையை விட்டு வருகிற பேச்சை இதோடு விடு. நான் கத்த மாட்டேன், எழுதத்தான் செய்கிறேன், கேட்டுக்கொள். உன் கூடச் சேர்ந்த ஆண் பிள்ளைகள் பாதிப் பேர் அந்த ஏணியைப் பார்த்தே திரும்பிப் போய்விட்டார்கள் என்று நீதான் சொன்னாய். நீ அவ்வளவு உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஒரு வீடு எடை இருக்கிற பெட்டியைச் சத்தம் வராமல் கப்பலில் இறக்கி வைக்கிறாய். இங்கே இறங்கி வந்து என்ன செய்யப் போகிறாய்? உப்பு எது, சர்க்கரை எது என்று மாப்பிள்ளைக்குக் காட்டப் போகிறாயா? அதற்கு டப்பாவில் சீட்டு ஒட்டினால் போதும், ஒட்டியாயிற்று. பின்னல் போடக் கற்றுக்கொண்டுவிட்டார். பிள்ளைகள் தலை தேர்வடம் மாதிரி இருக்கிறது, ஆனால் அவிழ்வதில்லை. பாதிப் பயிற்சி முடித்துவிட்டாய், மீதியையும் முடித்துவிட்டு வா. அதற்குள் வந்தாயானால், ஒரு வாளிப் பசை உன்னைத் தோற்கடித்தது என்று ஊர் பூராவும் நானே சொல்வேன்.

இந்தப் பரிசை என்ன செய்வது என்று கேட்பாய். என்னைக் கேட்டால், கிரேனில் மாட்டி நடுக்கடலில் இறக்கிவிடு. மீன்களுக்கு உபயோகமாக இருக்கும். இல்லையென்றால் விடுதிக் கதவுக்கு முட்டுக்கொடு. அங்கேயாவது ஒரு கதவு பிழைக்கட்டும். இந்த நினைவுப் பரிசு என்கிற பைத்தியக்காரத்தனத்துக்கு இனி என் பட்டறையில் இருந்து ஒரு கரண்டிப் பவுடர் வெளியே போகாது. இது என் தொழில் மேல் சத்தியம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஏணியில் ஏறும்போது கீழே பார்க்காதே, இறங்கும்போது போன் பேசாதே. நீ நீண்ட ஆயுளோடும், கெட்டிப் பல்லோடும், உன் வீட்டுக்காரருக்கு வாய்க்காத புத்தி முழுவதும் உன் பெண்களுக்கு வாய்த்தும் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அண்ணன்
(பல் செட் மட்டும் செய்பவன்)

பின்குறிப்பு: ஒட்டின பெட்டியை மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது கோந்து பட்டறைக்கு வந்தாள். தன் கையை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டு, "இது அம்மாகிட்டப் போயிடுமா?" என்றாள். போகும் என்றேன். "அப்ப அம்மா கை எங்ககிட்ட எப்ப வரும்?" என்றாள். ஆகவே மேலே செய்த சத்தியத்தைப் பேனாவால் அடித்துவிடு. கடலில் இறக்கச் சொன்னதையும் சேர்த்து அடித்துவிடு. பெட்டியின் அடியில், காகிதத்துக்குக் கீழே, இரண்டு டப்பா இருக்கும். ஒன்றில் நீல மாவு, ஒன்றில் வெள்ளை மாவு, இரண்டும் சப்பாத்தி மாவு பதத்தில் இருக்கும். பல் டாக்டருக்கென்று வைத்திருந்த ஒசத்திச் சரக்கு. இரண்டையும் சம அளவு எடுத்து, ஒரே நிறம் ஆகிற வரைக்கும் பிசை. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு பிசையாதே, இறுகவே இறுகாது. தட்டையாக்கி, உன் வலது கையை அழுத்தி, இறுகுகிற வரைக்கும் அப்படியே வை. அச்சை அப்படியே தபாலில் அனுப்பு, சுருங்காது. பிளாஸ்டரை நான் இங்கே ஊற்றிக்கொள்கிறேன். சின்னவள் தினமும் வந்து வந்ததா வந்ததா என்று கேட்பாள், சீக்கிரம் அனுப்பு. செய்யும்போது அழுகை வந்தால் அடக்க வேண்டாம். இந்த மாவில் தண்ணீர் ஒட்டாது.